ருசிய ராஜமாதாவின் பந்தி

ருசிய தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று உலகம்மைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதுவரை வந்ததில்லை. வடக்கே மதுரை, தெற்கே கொழும்பு, இதற்கு நடுவில் தன் பேரைச் சொன்னால் வண்டி கட்டிக்கொண்டு நாடகம் பார்க்க வராத ஊர் கிடையாது, அது போதும் என்று இருந்தவள். அப்படிப்பட்டவள், அறுபத்தோராம் வருஷம் ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் கட்டிய சமயம், ருசிய தேசத்து ராஜமாதாவாக வேஷம் கட்ட ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டது மட்டுமா? அந்த ராஜமாதா செய்தது அத்தனையும் நூற்றுக்கு நூறு சரி என்று, கதை சொல்ல வந்தவரிடமே சண்டைக்கு நின்றாள்.

கதை சொல்ல வந்தவர் ஆவுடைநாயகம், தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. பேப்பர் பைத்தியம். பார்சலைச் சுற்றி வந்த கிழிசல் பேப்பரைக்கூட முழுதும் வாசித்துவிட்டுத்தான் எறிவார். ருசிய இளவரசி ஒருத்தி எங்கோ கனடா தேசத்தில் காலமானாள் என்று முந்தின வருஷம் பேப்பரில் ஒரு மூலையில் வந்ததைப் பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு புஸ்தகங்களைத் தேடிப் படித்து, நாடகமாகவே எழுதிவிட்டார். அவரை மேலகரத்தில் உலகம்மை வீட்டுக்கு அழைத்து வந்தவன் நாடகக் காண்ட்ராக்டர் சங்கிலிப்பாண்டி. சீசனுக்கு வருகிற மெட்ராஸ்காரர்களுக்குப் பழைய நாடகம் எல்லாம் புளித்துப்போய்விட்டது, புதுசாக ஒன்று போட்டால்தான் பந்தல் நிறையும் என்பது அவன் கவலை.

"ருசியாவுல சக்கரவர்த்தி செத்துப்போனாரு. அவரு பெண்டாட்டி மரியா ராஜமாதா ஆயிட்டா. அவளுக்குக் கடைசி மக ஓல்கா," என்று ஆவுடைநாயகம் ஆரம்பித்தார். "அந்தப் பிள்ளையை வளர்த்தது பூராவும் இங்கிலீஷ்கார தாதி. அம்மாக்காரிக்கு விருந்து, கொண்டாட்டம்னு நேரம் போயிரும். பிள்ளை போய்ப் பாக்கணும்னாகூட முறை வச்சுத்தான் பாக்கணும்."

"ராஜமாதான்னா நூறு சோலி இருக்கும் அண்ணாச்சி. அதுக்கென்ன?" என்றாள் உலகம்மை.

"முதல்ல ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தா. அது வெளங்கல. பொறவு மக, பட்டாளத்துல ஒரு சாதாரண ஆபிசரைத் தானே பாத்துக் கட்டிக்கிட்டா. ராஜாங்கம் கவுந்துபோச்சு. எல்லாரும் தப்பிச்சு டென்மார்க்கு போய், தாயும் மகளும் ஒரே வீட்டுல இருந்தாங்க. ஆனா பாத்துக்கோங்க, பெரிய மனுசங்க விருந்துக்கு வந்தா, அந்த மருமகனுக்கு மட்டும் பந்தியில எடம் கெடையாது."

"சரியாத்தான செஞ்சிருக்கா!" உலகம்மை வெற்றிலைத் தட்டை ஓங்கித் தரையில் வைத்தாள். "சொல்லாமக் கொள்ளாமப் போய்க் கட்டிக்கிட்டு வந்தவனுக்கு இலை போட்டு விசிறணுமாக்கும்? நான் கட்டுதேன் வே இந்த வேஷத்தை."

சங்கிலிப்பாண்டி ஆவுடைநாயகத்தைப் பார்த்தான். ஆவுடைநாயகம் உத்தரத்தைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் உலகம்மை வீட்டுச் சங்கதி தெரியும். தென்காசியில் யாருக்குத்தான் தெரியாது?

உலகம்மைக்கு ஒரே மகள், ரத்தினம். புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். மாதத்தில் பாதி நாள் வெளியூர் மேடையில் இருந்த உலகம்மை, பிள்ளையைப் பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் விட்டுவிட்டுப் போவாள். ஊர் ஊராக விதவிதமாய்ப் பாவாடைத் துணி வாங்கி வருவாள், வாங்கி வந்த பாவாடை ஒவ்வொன்றும் ஒரு சாண் குட்டையாக இருக்கும். அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும். பெரியவளானதும் மகளை மேடை ஏற்றினாள். குரல் அம்மா குரல், வாய் அம்மாவைவிடத் துடுக்கு. சங்கரன்கோவில் பக்கம் ராஜபார்ட் ஒருவனுக்கு அவளைக் கட்டிவைத்து, இரண்டு பேரையும் ஜோடியாக மேடையில் நிறுத்தித் தான் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று உலகம்மைக்குத் தீராத ஆசை.

ரத்தினம் போய்க் கட்டிக்கொண்டதோ பிச்சையாவை. பிச்சையா யார் என்றால், மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். உலகம்மை உலகத்திலேயே வெறுக்கிற ஒரு பொருள் உண்டு என்றால் அது மைக். மைக் வந்த பிறகுதான் கழுதைகூடப் பாட வந்துவிட்டது, தொண்டைக்கு மரியாதை போய்விட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். கொழும்பில் பாடினால் கப்பலில் கேட்டது என்பாள். அப்படிப்பட்டவளுக்கு மைக்காரன் மருமகன்! மூன்று வருஷமாக மகளோடு பேச்சு இல்லை.

அதற்காகப் பிச்சையாவைத் தொழிலில் ஒதுக்க முடியுமா? நல்ல மைக் செட் அவனிடம்தான் இருந்தது. அதனால் உலகம்மை காண்ட்ராக்டர்களிடம் கறாராகப் பேசிவிடுவாள். மற்றவர்கள் எவனோ பேசட்டும், பாடட்டும், அவள் மேடைக்கு வரும்போது மைக் கம்பம் அங்கே இருக்கக் கூடாது. அவன் மூஞ்சியும் கண்ணில் படக் கூடாது. எனவே உலகம்மை வருகிற கட்டத்தில் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிச்சையா படுதாவுக்குப் பின்னால் தன் பெட்டியோடு முடங்கிக் கிடப்பான். அவள் குரலோ கடைசி வரிசை தாண்டிப் போய்க் கணீரென்று திரும்பும். "பாத்தியளா? மலையே எதிர்ப்பாட்டு பாடுது," என்பாள். ஆய்க்குடிப் பக்கம் பாடினால் கோயில் மதில் எதிர்ப்பாட்டு பாடியது, சிவகிரியில் பாடினால் நெல்லு மில்லுச் சுவர் பாடியது. போகிற ஊரில் எல்லாம் அவளுக்கு எதிர்ப்பாட்டு பாட ஏதாவது ஒன்று இருந்தது.

இதெல்லாம் இருக்கட்டும். இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. ரத்தினம் தலைப்பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம் நடந்தது. ஏழாம் மாதம் பெற்றவள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், மகள் வீட்டாருக்குப் பரிமாறி, மகளைப் பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். உலகம்மை புளியோதரைக்குப் பொடி வறுத்தாள். வறுத்து டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்த வாரம் அதை எடுத்து முருகம்மாளுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசாக வறுத்தாள்.

"இப்பிடியே வறுத்துக்கிட்டே இரு," என்றாள் முருகம்மாள். "ஆடி பொறக்கப்போவுது. நீ போகலைன்னா அவ நாத்தனாகாரி வந்து ஆய்க்குடிக்குக் கூட்டிட்டுப் போயிருவா. சொல்லிட்டாளாம். பொறவு உன் பேரப்பிள்ளை அங்கனதான் பொறக்கும். நீ இங்கன பொடிக்கு மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அவ வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும்."

"அவ எதுக்குக் கூப்பிடணும்? என் புருசனை முதல் இலையில உக்கார வச்சு எங்கம்மா சோறு போட்டாத்தான் அந்த வாசப்படி மிதிப்பேன்னு சத்தியம் பண்ணிருக்கா. உனக்குத் தப்பாத பிள்ளை."

உலகம்மைக்கு மகள் வேண்டும். பேரப்பிள்ளை தன் வீட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும். அதற்காக அந்த மைக்காரனுக்கு இலை போட்டுக் கையால் பரிமாறுவதா? ஆடி பிறக்க ஒரே ஒரு நல்ல நாள்தான் பாக்கி இருந்தது. அது நாடகத்துக்கு மறுநாள்.

இந்த நாடகக்காரர்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இவர்களுக்கு ஒத்திகை கிடையாது. காண்ட்ராக்டர் ஊருக்கு ஓர் ஆளாகத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார். வந்து இறங்கி, பவுடர் பூசி, ஆர்மோனியக்காரரிடம் சுருதியைச் சொல்லிவிட்டு ஏறினால், எதிர் வேஷம் கட்டி நிற்பது யார் என்பதே படுதா விலகினால்தான் தெரியும். கதையின் போக்கு தெரிந்தால் போதும், வசனம் வாய்க்கு வந்தது. அதிலும் தர்க்கம் என்று ஒன்று உண்டு. இரண்டு வேஷக்காரர்கள் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாக மடக்குவார்கள். பதில் வராமல் திகைத்தவர் தோற்றவர். உலகம்மை தோற்றதாகச் சரித்திரமே இல்லை.

ஓல்கா வேஷத்துக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். அந்தப் புண்ணியவதி முந்தின நாளே வந்து இறங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் மாறி மாறிக் குளித்து, பலாப்பழத்தை வயிறு முட்டத் தின்று, காய்ச்சலில் படுத்துவிட்டாள். தொண்டை கட்டி, பேசினால் காற்றுத்தான் வந்தது. சங்கிலிப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டு எங்கெங்கோ ஓடினான். கடைசியில் ஆள் கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னான். யார் என்று உலகம்மையும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்கிற வழக்கம் இருந்தால்தானே?

சீசனுக்கு வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு பார்க்க வேண்டும் என்பதால் சாயங்காலமே நாடகம். பந்தலுக்கு வெளியே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அருவிச் சத்தம் எந்நேரமும் இருக்கிறதுதான். மேடையில் நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்து, மங்குஸ்தான், ரம்புட்டான், தென்காசியிலிருந்து வாங்கி வந்த ரொட்டி எல்லாம் அடுக்கி ருசிய விருந்து தயாராகியிருந்தது. உலகம்மை தரை கூட்டும் கறுப்பு வெல்வெட்டுப் பாவாடையும் தலையில் புராண நாடகத்துக் கிரீடமுமாக வந்தாள்.

"ராஜமாதா கிரீடத்தோடயா சாப்பிடுவா?" என்று ஆவுடைநாயகம் அழாக்குறையாகக் கேட்டார்.

"கிரீடம் இல்லைன்னா ராஜமாதான்னு எவனுக்கு வே தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே காகிதப் பூத் தோரணம் ஒன்று செழிப்பாகத் தொங்கியது.

படுதா விலகியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஓல்கா இளவரசி வந்தாள். ருசியக் குளிருக்காக யாரோ போலீஸ்காரருடைய ஓவர்கோட்டைப் போட்டிருந்தாள். கோட்டுக்குள் வயிறு தெரிந்தது. நடையைப் பார்த்ததுமே உலகம்மைக்கு ஆள் தெரிந்துவிட்டது. ரத்தினம்!

எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் முப்பது வருஷ மேடையில் பாதியில் எழுந்து போன பழக்கம் அவளுக்கு இல்லை. அது ரத்தினத்துக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தாள். வேறெங்கே பிடித்தாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள், மேடையில் போக முடியாது அல்லவா? கெட்டிக்காரி.

"தாயே!" என்று ரத்தினம் கைகூப்பினாள். "தங்கள் விருந்தில் அயல்நாட்டுப் பிரபுக்களுக்கு எல்லாம் இடம் இருக்கிறது. என் கணவருக்கு மட்டும் ஏன் இல்லை?"

"மகளே! அரச பந்தியில் அமர அரச இரத்தம் வேண்டும். உன் கணவன் குதிரைப் படையில் சேவகம் செய்தவன்."

"இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ராஜாங்கம் கவிழ்ந்து, உற்றார் எல்லாரும் ஓடிய அன்றைக்குத் தங்கள் பக்கத்தில் நின்றது எந்த இரத்தம்?"

பந்தலில் கைதட்டல். உலகம்மைக்கு ரோஷம் வந்துவிட்டது. மகளாவது மண்ணாவது, தர்க்கம் என்று வந்துவிட்டால் தர்க்கம்தான்.

"நின்றவனுக்குச் சம்பளம் உண்டு! பந்தி கிடையாது!"

முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. உலகம்மை கிரீடத்தைச் சரிசெய்துகொண்டாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மகள் வாய் துருப்பிடிக்கவில்லை, எதிரே நின்று பேச இப்படி ஓர் ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்று!

ரத்தினம் ஓர் அடி முன்னால் வந்தாள். "போகட்டும் தாயே. என்னைப் பெற்றது யார்?"

"நான்!"

"வளர்த்தது?"

"தாதி வளர்த்தாள். சம்பளம் நான் கொடுத்தேன்."

"எனக்கு அம்மை போட்டுக் கண் திறக்க முடியாமல் கிடந்தபோது, அம்மா அம்மா என்று நான் கூப்பிட்டபோது, தாங்கள் எந்த அரண்மனையில் இருந்தீர்கள்?"

இது ஆவுடைநாயகம் எழுதிய கதையில் இல்லை. ரத்தினத்துக்கு அம்மை போட்டபோது உலகம்மை கொழும்பில் இருந்தாள். முருகம்மாள் வேப்பிலையும் கையுமாக ராத்திரி பகல் பார்த்துக்கொண்டாள். தகவல் தெரிந்து கப்பலேறி வருவதற்குள் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. அம்மாவைப் பார்த்த பிள்ளை முருகம்மாள் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டது. உலகம்மை அதை யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு ஞாபகம் இருக்காது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பந்தல் பதிலுக்குக் காத்திருந்தது. மடக்கிவிட்டால் நடிகர்கள் பாட்டுக்குத் தாவுவார்கள், அது பழைய தந்திரம். உலகம்மையும் தாவினாள். ஆர்மோனியக்காரர் செல்லப்பா சுதாரித்துக்கொண்டு கூடவே வாசித்தார். பெற்றவள் துயரம் பிள்ளைக்கு எங்கே தெரியும் என்று மேல் ஸ்தாயியில் அவள் எடுத்த எடுப்பில், மலை எதிர்ப்பாட்டு பாடியது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

ஓரத்தில் இருந்த பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மட்டும் இருந்தது. உலகம்மை விடவில்லை, பாடினாள். கரண்டு போனால் அவளுக்கு என்ன? பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "கேக்கல!"

பின்னாலேயே பத்துப் பேர், "கேக்கலம்மா! சத்தமாப் பாடுங்க!"

அவள் வாழ்நாளில் காதில் விழாத வார்த்தை அது. இன்னும் உயர்த்தினாள். குரல் பிசிறடித்தது. மலை வாயைத் திறக்கவில்லை. இருமல் வந்தது.

"என்ன செல்லப்பா இது? எதிர்ச்சத்தத்தைக் காணோம்?" என்று குனிந்து கேட்டாள்.

செல்லப்பா ஆர்மோனியத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளாத குறை. "கரண்டு இல்லைன்னா மைக்கு எப்பிடிக்கா வேலை செய்யும்?"

"எந்த மைக்கு?"

"உங்க தலைக்கு மேல தொங்குத மைக்கு. மூணு வருசமா போற எடமெல்லாம் பூவுக்குள்ள கட்டித் தொங்கவிடுதான் பிச்சையா. ஸ்பீக்கர் கூம்பைக் கடைசிவரிசைக்குப் பின்னால திருப்பி வச்சிருவான், உங்க காதுல நேராப் படக்கூடாதுன்னு. எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா."

உலகம்மை அண்ணாந்து பார்த்தாள். காகித ரோஜாவுக்கு நடுவே பாகற்காய் மாதிரி ஒன்று தெரிந்தது. மலையும் இல்லை, மதிலும் இல்லை, மில்லுச் சுவரும் இல்லை. மூன்று வருஷமாக ஊர் ஊராகத் தன் குரலைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்தவன் அவன். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தினம் மேஜையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மைக் இல்லாததால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தாயும் மகளும் மூன்று வருஷத்துக்குப் பிறகு தனியாகப் பேசிக்கொண்டது அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான்.

"அவரு சொல்லக்கூடாதுன்னுட்டாரும்மா."

"எதுக்கு?"

"கேட்டா உனக்கு மனசு விட்டுப்போகும், பொறவு பாடவே மாட்டேன்னு. எனக்கு அவங்க குரல் பிடிக்கும், சின்னப் பிள்ளையில இருந்து கேட்டு வளர்ந்த குரல்னு சொல்லுதாரு. உனக்குத் தொங்கவிடுத மைக்குக்கு மட்டும் ஒத்தைக்காசு வாங்குனதில்ல."

"எங்க அவன்?"

"பின்னால. பெட்டிய நோண்டிக்கிட்டு இருக்காரு. காலையிலேருந்து இந்தப் பந்தல்லதான் கெடக்காரு."

உலகம்மை படுதாவைப் பார்த்தாள். வெட்கம், கோபம், தாங்க முடியாத ஒரு பாசம், எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவும் இல்லை. கரண்டு எப்போதோ திரும்பி வந்து, பிச்சையா பெட்டியின் வால்வுகள் நிதானமாகச் சூடாகி, தோரணத்து மைக்குக்கு உயிர் வந்துவிட்டதையும் அவள் கவனிக்கவில்லை.

"ஏட்டி, உன் புருசன் சாப்பிட்டானா?"

ருசிய ராஜமாதா கேட்ட இந்தக் கேள்வி பந்தலைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் வரைக்கும் போய் விழுந்தது.

பந்தலில் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பும் கைதட்டலும்! மெட்ராஸ்காரர்கள் இதுதான் கதை என்று நினைத்தார்கள். தென்காசிக்காரர்களுக்கு இதுதான் கதை என்று தெரியும். ஆவுடைநாயகம் ஓரத்தில் நின்றபடி, "அய்யோ, சரித்திரம் போச்சே!" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடல," என்றாள் ரத்தினம். அவள் குரலும் இப்போது ஊர் பூராவும் கேட்டது.

"வரச்சொல்லு அவனை. இந்தா, இந்த மேசையில உக்காரட்டும். நாளைக்கு நல்ல நாளு, நீயும் என்கூடப் பொறப்படு."

ரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் உலகம்மை பெற்ற பிள்ளை அல்லவா? கோட்டைக் கையால் இழுத்து மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "மேசையில இருக்கது காட்சிக்கு வச்ச பழம். கூப்பிடுதது கிரீடம் வச்ச ராஜமாதா. எனக்கு ராஜமாதா வேண்டாம். வேசத்தைக் கலைச்சுட்டு எங்கம்மா வந்து கூப்பிட்டா வாரேன்."

தர்க்கத்தில் உலகம்மை முதல்முறையாகத் தோற்றது அங்கேதான். சங்கிலிப்பாண்டி நல்ல வேளையாகப் படுதாவை இழுத்து மூடிவிட்டான். அதற்கு மேல் என்ன ருசியா, என்ன டென்மார்க்கு?

வேஷம் கலைக்கிற இடத்துக்கு ஆவுடைநாயகம் படபடப்பாக வந்தார். "நீங்க இப்பிடிப் பண்ணலாமா? அந்த ராஜமாதா கடைசி வரைக்கும் எறங்கி வரல. அப்பிடித்தான் புஸ்தகத்துல இருக்கு."

உலகம்மை தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கடைசி வரைக்கும் அவனைப் பந்தியில உக்கார வைக்கலையா?"

"பெரிய மனுசங்க வந்தா உக்கார வைக்கல."

"மக?"

"அவதான் தாய்க்குச் சாகுத வரைக்கும் கூடவே இருந்து எல்லாம் பாத்தா. பொறவு புருசன் பிள்ளைகளோட எங்கியோ கனடாவுக்குப் போயிட்டா. கடைசியில ஏதோ ஒரு கடைக்கு மேல, சின்ன மாடி வீட்டுல செத்துப்போனா."

"கூட இருந்து பாத்த பிள்ளையை வச்சுக்கிட்டு ஒரு இலை போட அவளுக்குக் கை வரலை பாத்தீரா. பாவி," என்றாள் உலகம்மை. அந்த ராஜமாதாவுக்காக அவளுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அடுப்பு மூட்டினாள். புளியோதரை, எள்ளுச்சாதம், தயிர்ச்சாதம், வடை, அப்பளம், கூட ஒரு வாளி பாயசம். முருகம்மாளைக் கூட அழைத்தாள். "பெத்தவ ஒருத்தி, வளர்த்தவ ஒருத்தி. ரெண்டு பேருமாப் போவோம்," என்றாள். முருகம்மாள் புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து முதல் ஆளாக வண்டியில் ஏறினாள்.

தென்காசி பஜாரில் பட்டப்பகலில் உலகம்மை பவுடர் பூசாமல் இறங்கினாள். ஆட்கள் நின்று பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். பிச்சையாவின் மைக் செட் கடை வாசலில் ரத்தினம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி ரத்தினம், அம்மா வந்திருக்கேன். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். மாப்பிள்ளையக் கூப்பிடு, முதல் இலை அவருக்கு."

மாப்பிள்ளையைக் காணோம். மாமியார் வருகிறாள் என்றால் கண்ணில் படாமல் போய்விடுவது மூன்று வருஷப் பழக்கம் ஆயிற்றே. பழக்க தோஷத்தில் பின்கட்டு வழியாகச் சந்துக்குப் போய்விட்டான். உலகம்மையே கடைக்குள் புகுந்து, ஒயர் சுருளையெல்லாம் தாண்டி, சந்தில் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நின்றவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

இலை போட்டாள். பரிமாறினாள். எல்லாம் அளவாக வைத்தாள். பிச்சையா இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், கை வைக்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, சோறு இறங்கலையா?"

"நீங்க சாப்பிட்டீங்களா அத்தை? நேத்து நாடகத்துலருந்தே நீங்க சாப்பிடலைன்னு செல்லப்பா அண்ணாச்சி சொன்னாரு."

மாமியார் மருமகனோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தப் பக்கம் வழக்கமே இல்லை. உலகம்மை இன்னொரு இலையை எடுத்து அவன் பக்கத்தில் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கும் பசிக்குது, உள்ள இருக்குதுக்கும் பசிக்குது," என்று ரத்தினம் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தாள். முருகம்மாள் மட்டும் எதற்கு நிற்பாள்? பரிமாற ஆளே இல்லை. ஆளாளுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ரத்தினம் முதல் வாய் புளியோதரையை மென்றுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "உப்பு கூடிப்போச்சும்மா."

சண்டை இல்லாமல் மகள் தன்னிடம் ஒரு வார்த்தை பேசி எத்தனை வருஷமாயிற்று என்று உலகம்மைக்குக் கணக்கே தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூடினாக் கூடட்டும்ட்டீ. தயிர்ச்சோத்தைச் சேத்துத் தின்னுட்டுச் சட்டுனு பொறப்படு. ராகுகாலத்துக்கு முந்தி வீடு போய்ச் சேரணும்."